பஃபிங்கில் தொலைந்த விளிம்பு: ஒரு பிஆர்எக்ஸ் கேஸை மீட்ட பதிவு

அண்ணன் மூன்று வருடம் கட்டிய கடிகாரம் இப்போது என் கையில் இருக்கிறது. டிஸ்ஸோ பிஆர்எக்ஸ், 40 மி.மீ., நீல டயல், பேட்டரியில் ஓடுவது. என்னிடம் கொடுப்பதற்கு முந்தைய வாரம் ஒரு கடையில் கொடுத்து பாலீஷ் போட்டு வாங்கியிருக்கிறார். "புதுசு மாதிரி ஆக்கிக் கொடுத்திருக்காங்கடா, ஒரு கீறல் இல்ல பாரு" என்று சந்தோஷமாக நீட்டினார். ஒரு கீறல்கூட இல்லைதான். கேஸ், அதாவது கடிகாரத்தின் உலோகக் கூடு, முழுக்க எவர்சில்வர் டம்ளர் மாதிரி மின்னியது. வாங்கிக் கட்டிக்கொண்டேன், நன்றி சொன்னேன். வீட்டுக்கு வந்து டியூப்லைட் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தபோதுதான் மனது கனத்தது.

இந்த மாடலைத் தெரியாதவர்களுக்கு: பிஆர்எக்ஸின் கேஸ் ஒரு பீப்பாயை மேலிருந்து பார்ப்பதுபோல, நடுவில் லேசாகப் புடைத்து இரு முனைகளிலும் குறுகும். மேல்முகம் தட்டை. அதில் 12 மணியிலிருந்து 6 மணி வரை நேர்கோடாக, முடியளவு மெல்லிய கோடுகள் ஓடும். பக்கச் சுவரும் கோடு போட்ட பிரஷ் ஃபினிஷ்தான். மேல்முகமும் பக்கச் சுவரும் சேரும் இடத்தில், அவை இரண்டையும் பிரிக்கிற மாதிரி ஒரு குறுகிய சரிவு, கேஸின் நீளத்துக்கும். அது மட்டும் கண்ணாடி பாலீஷ். லேத் பட்டறையில் இதைத்தான் 'சேம்பர் அடிக்கிறது' என்பார்கள். கையை லேசாகத் திருப்பினால் மேல்முகம் சாம்பலாக இருக்கும், பக்கம் இருளும், நடுவிலுள்ள அந்தக் கம்பி மட்டும் பளிச்சென்று வெள்ளையாக ஓடும். 10 மி.மீ.க்கு மேல் தடிமனுள்ள கடிகாரம் மெலிதாகத் தெரிவதற்குக் காரணம் அந்த ஒரு கோடுதான்.

என் கையிலிருந்த கேஸில் அந்தக் கோடு இல்லை. மேல்முகம் மின்னியது, பக்கம் மின்னியது, சரிவு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று லென்ஸ் வைத்துப் பார்த்தும் தெரியவில்லை. நாலு மூலையும் பாதி தேய்ந்த சோப்புக் கட்டி மாதிரி உருண்டிருந்தது. நல்ல வேளையாக, கடையில் செயினைக் கழற்றி வைத்துவிட்டுத் தலையை மட்டும் சக்கரத்தில் பிடித்திருக்கிறார்கள். செயினில் பழைய கோடுகள் அப்படியே இருந்தன. பின்னால் அதுதான் எனக்கு அளவுகோலாக ஆனது.

துணிச் சக்கரம் ஏன் இப்படிச் செய்கிறது என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். பஃபிங் வீல் மெத்தென்று இருக்கும். அதில் உலோகத்தை அழுத்தினால் துணி அமுங்கி, விளிம்பைச் சுற்றி வளைந்து பிடிக்கும். அழுத்தம் முழுக்க விளிம்பில்தான் விழும். ஆகவே தட்டையான இடத்தில் ஒரு பங்கு உலோகம் போனால் விளிம்பில் அதைவிட அதிகம் போகும். கீறல் என்பது ஒரு பள்ளம். பள்ளத்தை நிரப்ப முடியாது, சுற்றியுள்ள மேட்டையெல்லாம் பள்ளத்தின் ஆழத்துக்கு இறக்கத்தான் முடியும். 20 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மி.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்கு) ஆழக் கீறலுக்காக அந்த முகம் முழுவதும் 20 மைக்ரான் கீழே இறங்க வேண்டும். கெட்டியான, தட்டையான ஒன்றால் இறக்கினால் முகம் தட்டையாகவே இறங்கும், விளிம்பும் நிற்கும். துணியால் இறக்கினால் உருண்டுதான் போகும்.

ஜப்பானில் கிராண்ட் சீக்கோ கடிகாரங்களின் கேஸ்களுக்குப் போடும் ஸரட்ஸு பாலீஷ் இதற்கு நேர் எதிர் வழி. அந்தப் பெயரே சல்லாஸ் என்ற பழைய மெருகு இயந்திரத்தின் பெயர் ஜப்பானிய உச்சரிப்பில் மாறியதுதான். அங்கே துணி கிடையாது. சுழலும் உலோகத் தட்டின் தட்டையான முகத்தில் கேஸைக் கையால் பிடித்து, கோணம் மாறாமல் அழுத்துவார்கள். 1967இல் வந்த 44ஜிஎஸ் மாடலைப் பார்த்தால் இது புரியும். சீக்கோவின் வடிவமைப்பாளர் டாரோ டனாகா வகுத்த விதிகள் சுருக்கமானவை: தட்டையான முகங்களையும் ஒரு திசையில் மட்டும் வளையும் முகங்களையும் முதன்மையாக வை, கண்ணாடி முகத்தில் பிம்பம் நெளியக் கூடாது. இரண்டாவது விதியை நான் வீட்டில் டியூப்லைட் வைத்தே சோதிக்கிறேன். பாலீஷ் போட்ட முகத்தில் டியூப்லைட்டின் பிம்பம் நேராக விழுந்தால் முகம் தட்டை. பிம்பம் புழு மாதிரி நெளிந்தால் முகத்தில் அலை இருக்கிறது என்று அர்த்தம். என் பிஆர்எக்ஸில் புழு நெளிந்தது.

கோட்டு முகத்துக்கும் கண்ணாடிச் சரிவுக்கும் இடையிலான இந்த விளையாட்டு, ஸ்போர்ட்ஸ் கடிகாரங்களில் 1972இல்தான் பெரிய அளவில் பேசப்பட்டது. ஜெரால்ட் ஜென்டா வரைந்த ஓடெமார் பிகே ராயல் ஓக் அந்த வருடம் வந்தது. 39 மி.மீ., எண்கோண பெசல் (கண்ணாடியைச் சுற்றியிருக்கும் வளையம்), அதில் எட்டு அறுகோண ஸ்க்ரூ. எஃகில் செய்து, தங்கக் கடிகாரத்துக்கு மேலே விலை வைத்தார்கள். எஃகுக்கு அந்த விலையைக் கேட்க முடிந்ததற்குக் காரணம் அதில் போட்ட கைவேலைதான். 1976இல் படேக் ஃபிலிப் நாட்டிலஸ், அதுவும் ஜென்டா வரைந்தது. 1978இல் டிஸ்ஸோவும் செயினும் கேஸும் ஒன்றாகத் தெரியும்படி ஒரு சீஸ்டார் மாடல் போட்டது. 2021இல் அதையே திரும்பக் கொண்டு வந்ததுதான் இன்றைய பிஆர்எக்ஸ். கோடியில் புரளும் கடிகாரத்தில் இருக்கும் அதே இலக்கணம், நடுத்தரக் குடும்பம் சேர்த்து வைத்து வாங்கக்கூடிய விலையில் கிடைக்கிறது. அதனால்தான் எனக்கு இந்தக் கேஸ் மேல் இவ்வளவு பிரியம்.

சரி, வேலைக்கு வருகிறேன்.

நேரே கடிகாரத்தில் கை வைக்கவில்லை. கிரில் பட்டறையில் ஒரு எவர்சில்வர் பட்டைத் துண்டு கேட்டு வாங்கி வந்தேன், 10 மி.மீ. தடிமன். அதன் ஒரு விளிம்பில் மூன்று வாரம் சேம்பர் பழகினேன். அது 304 ரகம், கடிகாரக் கேஸ் 316எல். 316எல்லில் மாலிப்டினம் 2 முதல் 3 சதவீதம் சேரும், உப்புத் தண்ணீரையும் வியர்வையையும் அது தாங்கும். தேய்க்கிற கைக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். கடினத்தை அளக்கும் விக்கர்ஸ் கணக்கில் இரண்டுமே 200க்குப் பக்கத்தில் நிற்கும் மென்மையான உலோகங்கள். காற்றில் பறக்கும் தூசியில் இருக்கும் மணல் துகள் அதைவிடப் பல மடங்கு கடினம். சட்டைக் கை உரசினாலே கேஸில் மயிரிழைக் கீறல் விழுவது அதனால்தான். மேலே உள்ள சஃபயர் கண்ணாடி 2000 விக்கர்ஸ், அதற்கு ஒன்றும் ஆகாது.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன். ஜெர்மனியின் ஸின், ஜப்பானின் சிட்டிஸன் போன்றவர்கள் சில மாடல்களில் எஃகு அல்லது டைட்டேனியத்தின் மேற்பரப்பையே கடினமாக்கித் தருகிறார்கள். அப்படிப்பட்ட கேஸில் இந்த வேலையைத் தொடவே கூடாது. கடினப்பட்ட தோல் மிக மெலிது, தேய்த்தால் போய்விடும், திரும்ப வராது. உங்கள் கடிகாரம் எந்த வகை என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

எடுத்துக்கொண்ட சாமான்கள் கொஞ்சம்தான். வாட்டர் பேப்பர் (உப்புத்தாள், எண் கூடக் கூட நைஸ்) 320, 400, 600, 800, 1500, 2500. வைரப் பேஸ்ட் 3 மைக்ரான், 1 மைக்ரான். ஐஸ் குச்சிகள் ஒரு கட்டு. 10 மடங்கு லென்ஸ். மொபைல் சர்வீஸ் கடைகளில் போர்டைச் சூடாக்கும்போது ஒட்டுவார்களே, அந்த மஞ்சள் பழுப்பு கேப்டான் டேப். சாதாரண மாஸ்கிங் டேப்பின் விளிம்பு எமரி பட்டதும் பிய்ந்து நார் நாராகிவிடும். கேப்டான் அப்படிப் பிய்யாது, விளிம்பு கத்தியால் வெட்டின மாதிரி நிற்கும். பெசல், கண்ணாடி, பின்மூடி எல்லாவற்றுக்கும் மூன்று அடுக்கு. பக்கவாட்டில் நேரம் திருப்பும் சாவியையும் டேப்பால் முழுவதுமாகச் சுற்றினேன். கடிகாரத்தைத் திறக்காமல் செய்வதால் தண்ணீர் ஒரு சொட்டுகூடத் தொடவில்லை. பேருக்குத்தான் வாட்டர் பேப்பர், முழுக்க உலர்வாகவே தேய்த்தேன். துகள் சாவிக் குழாய்க்குள் போய்விட்டால் ரப்பர் வளையத்தை அறுத்துவிடும் என்ற பயம் கடைசி வரை இருந்தது. அதனால் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்தி, ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் துடைத்துவிட்டுத்தான் தொடர்ந்தேன்.

முதலில் மேல்முகத்தைத் தட்டையாக்க வேண்டும். கனமான கண்ணாடிப் பலகையில் பேப்பரை விரித்து, கேஸைக் கவிழ்த்துத் தேய்த்தால் தட்டை ஆகிவிடும் என்பது சாதாரணக் கணக்கு. இங்கே அது நடக்காது. நடுவில் பெசல் மேலே எழும்பி நிற்கிறது. ஆகவே தட்டையான ஒன்றைத்தான் கேஸுக்குக் கொண்டுபோக வேண்டும். பழைய ஸ்டீல் ஸ்கேலிலிருந்து 8 மி.மீ. அகலத்துக்கு ஒரு துண்டு வெட்டி, அடியில் 800 பேப்பரை ஒட்டினேன். பெசலுக்கும் விளிம்புக்கும் இடையில் அது ரயில் மாதிரி போய் வரும். கருப்பு மார்க்கரால் முகம் முழுக்க மை பூசிவிட்டு இரண்டு இழுப்பு இழுத்தால் மேடு எங்கே, பள்ளம் எங்கே என்று தெரியும். மேட்டில் மை போயிருக்கும், பள்ளத்தில் மிச்சமிருக்கும். முதல் தடவை பார்த்தபோது நடுவில் மட்டும் மை போய், விளிம்பை ஒட்டி அரை மி.மீ. அகலத்துக்குக் கருப்பு அப்படியே நின்றது. சக்கரம் எவ்வளவு தின்றிருக்கிறது என்பதற்கு அதுவே கணக்கு. அந்தக் கருப்புப் பட்டை கால் மி.மீ.க்குச் சுருங்கும் வரை தேய்த்து நிறுத்திவிட்டேன். மிச்சத்தைச் சரிவு விழுங்கிக்கொள்ளும் என்று விட்டேன்.

அப்புறம் செய்ததுதான் என் பெரிய தவறு. மேல்முகம் தட்டையாக வந்த உற்சாகத்தில், 400 பேப்பரால் கோடும் போட்டு முடித்துவிட்டேன். அழகாகவே வந்தது. பிறகு சரிவுக்குப் போய், வைரப் பேஸ்ட் தடவிய குச்சியால் மெருகேற்றினேன். குச்சி ஒவ்வொரு முறை விளிம்பைத் தாண்டியபோதும், பேஸ்ட் மேல்முகத்தில் வழிந்து, கோடுகளின் முனையை மழுக்கிவிட்டது. லென்ஸில் பார்த்தால் சரிவை ஒட்டி ஒரு பனிப்படலம். நேர்க்கோடாக இருக்க வேண்டிய எல்லை கலங்கிக் கிடந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் போனது. முதலில் கண்ணாடி முகம், அதை டேப் போட்டு மூடிவிட்டு அப்புறம் கோடு. வரிசை இதுதான். பேஸ்ட் கோட்டை அழிக்கும், டேப்புக்கு அடியில் இருக்கும் கண்ணாடி முகத்தைக் கோடு தொடாது.

மறுபடி சரிவு. இதில் கோணம் மட்டும்தான் சவால். வெறும் கையில் பிடித்தால் ஒவ்வொரு இழுப்பிலும் கோணம் கொஞ்சம் மாறும். மாறினால் சரிவு தட்டையாக வராது, உருண்டையாக வரும். அதற்குப் பேசாமல் சக்கரத்திலேயே விட்டிருக்கலாம். ஒரு மரப் பலகையில் கேஸை இறுக்கி, தேய்க்கும் விளிம்புக்கு எதிர்ப்பக்கத்தில் அதைவிடக் கொஞ்சம் உயரமான கட்டை ஒன்றை வைத்தேன். குச்சியின் ஒரு முனை கட்டைமேல், மறு முனை விளிம்பின்மேல். கட்டையைத் தள்ளினால், இழுத்தால் கோணம் மாறும், தேய்க்கும்போது மாறாது. கோணம் சரியா என்று பார்க்க இங்கேயும் மார்க்கர்தான். சரிவில் மை பூசி ஒரே ஒரு இழுப்பு. மேல் ஓரத்தில் மட்டும் மை போனால் குச்சி படுத்திருக்கிறது, கீழ் ஓரத்தில் மட்டும் போனால் நிமிர்ந்திருக்கிறது. சரிவின் முழு அகலத்துக்கும் மை ஒரே சீராகப் போகும் வரை கட்டையை நகர்த்திக்கொண்டே இருந்தேன். இதற்கு மட்டும் ஒன்றரை மணி நேரம். தேய்ப்பதற்கு அதில் பாதிகூட ஆகவில்லை.

800 பேப்பர் ஒட்டிய குச்சி, அப்புறம் 1500, அப்புறம் 2500. ஒவ்வொரு படியிலும் இழுக்கும் திசையை லேசாகச் சாய்த்தேன். முந்தைய படியின் கோடு வேறு சாய்வில் இருப்பதால், அது முழுக்கப் போய்விட்டதா என்று லென்ஸில் தெளிவாகத் தெரியும். ஒரு கோடு மிச்சமிருந்தாலும் அடுத்த படிக்குப் போகக் கூடாது. 2500 முடிந்தபோது சரிவு மங்கலான வெள்ளியாக இருந்தது. வெறும் மரக் குச்சியில் 3 மைக்ரான் பேஸ்ட் ஒரு கடுகளவு. நாற்பது ஐம்பது இழுப்பில் மங்கல் விலகத் தொடங்கியது. 1 மைக்ரானில் இருபது இழுப்பு. துடைத்துவிட்டு டியூப்லைட்டுக்குக் கீழே பிடித்தேன். ஒரு முனையிலிருந்து மறு முனை வரை ஒரே வெள்ளைக் கோடு. நெளியவில்லை. மூச்சை அடக்கிக்கொண்டு கொஞ்ச நேரம் அதையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சாவி இருக்கும் 3 மணிப் பக்கமும் இதே மாதிரி. வெர்னியரில் அளந்தால் இடது பக்கச் சரிவு வலதைவிட 0.1 மி.மீ. அகலம். கண்ணுக்குத் தெரியவில்லை, ஆனால் எனக்குத் தெரியும். வலதை இடதுக்குச் சமமாக்கலாம் என்று கை பரபரத்தது. அதற்கு இன்னும் உலோகம் போக வேண்டும், அதனால் விட்டுவிட்டேன். பழைய ரோலக்ஸ் சப்மரைனர் 5513 மாதிரியான கடிகாரங்களில் லக் (செயின் மாட்டும் கொம்பு) ஓரத்தில் இதே போன்ற சரிவு இருந்தது. சர்வீஸுக்குப் போகும் ஒவ்வொரு முறையும் பாலீஷ் போட்டுப் போட்டு பெரும்பாலானவற்றில் அது காணாமல் போய்விட்டது. சரிவு முழுசாக நிற்கும் ஒன்று கிடைத்தால் சேகரிப்பவர்கள் கூடுதல் விலை கொடுக்கத் தயங்குவதில்லை. தேய்ந்த லக்கில் லேசர் வெல்டிங்கால் அதே ரக எஃகை ஏற்றி, மறுபடி செதுக்கித் தருகிறவர்களும் இருக்கிறார்கள். அதெல்லாம் பெரிய இயந்திரமும் பெரிய கையும் கேட்கும் வேலை.

இப்போது கோடு. சமையலறைப் பச்சை ஸ்கிரப்பரால் தேய்த்தாலே கோடு வரும் என்று நினைப்பது இயல்பு, எவர்சில்வர் தட்டில் தினமும் பார்க்கிறோமே. பட்டைத் துண்டில் முயன்றும் பார்த்தேன். கோடு வந்தது, ஆனால் ஒன்று ஆழம், ஒன்று மேலோட்டம், நடுவில் சில வளைந்து ஓடின. தட்டுக்கு அது போதும். பிஆர்எக்ஸின் கோடுகள் ஒரே ஆழம், ஒரே இடைவெளி. செயினில் மிச்சமிருந்த பழைய கோட்டையும் பட்டைத் துண்டையும் பக்கம் பக்கமாக வைத்து 320, 400, 600 மூன்றையும் லென்ஸில் ஒப்பிட்டேன். புதுப் பேப்பரில் 400 கொஞ்சம் முரடாக இருந்தது. அதையே பட்டைத் துண்டில் முப்பது இழுப்பு இழுத்துப் பழையதாக்கியதும் செயினோடு பொருந்தியது.

கோடு போடும்போது முன்னும் பின்னும் தேய்க்கக் கூடாது. ஒரே திசை, முழு நீளம், எடுத்து மறுபடி தொடக்கத்திலிருந்து. 9 மணிப் பக்கமும் 3 மணிப் பக்கமும் இது சுலபம், கேஸின் ஒரு முனையிலிருந்து மறு முனை வரை தடையில்லை. 12 மணிக்கும் 6 மணிக்கும் அருகில்தான் பெசல் குறுக்கே நிற்கிறது. பெசலை நோக்கி இழுத்தால் கட்டை போய் முட்டும் இடத்தில் கை தானாகத் தயங்கும், அங்கே கோடு குவிந்து ஒரு வழுக்கைத் திட்டு விழும். அதனால் பெசலின் டேப்பை ஒட்டிக் கட்டையை வைத்து, வெளிப்பக்கமாக மட்டும் இழுத்தேன். வழிகாட்டியாக ஸ்டீல் ஸ்கேலைக் கிளாம்ப் போட்டு நிறுத்தினேன். இழுப்பு முடியும் இடத்தில் கையைத் தூக்கவில்லை. உலோகம் தீர்ந்து காற்றுக்குள் போகும் வரை அதே அழுத்தத்தில் போக விட்டேன். முகத்துக்குப் பன்னிரண்டு இழுப்பு. பக்கச் சுவருக்கும் அதே பேப்பர்தான், சுவரின் நீளவாக்கில். அது கொஞ்சம் வளைந்திருப்பதால் கட்டையை இழுக்கும்போதே மணிக்கட்டையும் மெல்லத் திருப்ப வேண்டியிருந்தது.

டேப்பை உரிப்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த தருணம். கேப்டானை விளிம்போடு ஒட்டி, படுக்க வைத்த கோணத்தில் மெதுவாக இழுத்தேன். டேப் விலக விலக, சாம்பல் நிறக் கோடுகளுக்கு நடுவே அந்த வெள்ளைச் சரிவு அங்குலம் அங்குலமாக வெளியே வந்தது. லென்ஸில் பார்த்தால் ஒவ்வொரு கோடும் சரிவின் வாசலில் சட்டென்று நிற்கிறது. பனி இல்லை, கலங்கல் இல்லை.

முழுக்கச் சரியாகிவிடவில்லை. 8 மணிக்கு நேரே பக்கச் சுவரில் ஒரு குழி இருக்கிறது, அண்ணன் எப்போதோ கதவு நிலையில் இடித்தது. பஃபிங்கில் அதன் ஓரங்கள் உருண்டு போனதால் இன்னும் பெரிதாகத் தெரிகிறது. அதை எடுக்க 0.1 மி.மீ.க்கு மேல் உலோகம் போக வேண்டும், கூடவே இவ்வளவு பாடுபட்டு மீட்ட சரிவும் போகும். குழி அங்கேயே இருக்கட்டும். செயினின் கிளாஸ்ப்பையும் (பூட்டு) தொடவில்லை. மேஜையில் தினமும் உரசும் இடம் அது.

நாலு ஞாயிற்றுக்கிழமை, மொத்தம் பதினோரு மணி நேரம். செயினை மாட்டியதும் கேஸின் கோடு செயினின் முதல் கண்ணியில் தொடர்ந்து, அங்கிருந்து அடுத்ததில் தொடர்ந்து, மணிக்கட்டைச் சுற்றி இறங்கியது.

போன வாரம் அண்ணன் வீட்டுக்கு வந்தார். சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவிட்டு வந்தவர், என் கையைப் பிடித்து ஜன்னல் பக்கம் திருப்பினார். சரிவில் வெளிச்சம் ஓடுவதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இந்த வெள்ளைக் கோடு முன்னாடியே இருந்துச்சாடா?"

"இருந்துச்சுண்ணே, நீங்க வாங்கின அன்னைலேருந்து" என்றேன். லென்ஸை எடுத்து அவர் கையில் கொடுத்தேன்.